வெறுஞ்சோறு தின்னும் பிள்ளை

“டாக்டர் டானிக் எழுதல்ல மைனி, சிறுபயறு குடுக்கச் சொல்லிட்டாரு.”

இரணியலில் பஸ் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இளம்பெண், பக்கத்திலிருந்த அண்ணன் மனைவியிடம் சொன்னாள். இருவருக்கும் நடுவில் அவளுடைய நாலு வயது மகள்.

“பயறா? எதுக்காம்?”

“இவ வெறும் சோறுதான தின்னுகா, எடை ஏறல்ல. நம்ம உடம்பு தானா உண்டாக்காத அமினோ அமிலம் கொஞ்சம் இருக்காம். பிள்ளை வளர அது வேணுமாம். சோறு மட்டும் போதாது, கூட பயறோ கடலையோ மீனோ சேரணுமாம்.”

“குடுக்க வேண்டியதுதான?”

“வாயில வச்சா துப்புகா. அவளும் அழுவா, நானும் அழுவேன்.”

“ஏட்டி, கொஞ்சம் குனிஞ்சு பாரு.”

மைனியின் பையிலிருந்த கடலைச் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து, பிள்ளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.

தாய் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பேசாம இருங்க மைனி. நாம பாக்கோம்னு தெரிஞ்சா நிறுத்திருவா.”