நாலு விநாடி வேலை

காகிதம் நழுவுகிறது, ஷெரீஃப். இந்தாருங்கள், என் தொப்பியை அதன்மேல் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகவே எழுதலாம், எனக்கு அவசரமில்லை.

லுட்கே பட்டறையில், காரைக் கிளப்பும் மின்மோட்டாரை வடிவமைத்தவன் நான். அவ்வளவு பெரிய எஞ்சினைச் சுழற்ற, குதிரை அளவு மோட்டார் வேண்டும் என்று எல்லோரும் சிரித்தார்கள். நாள் முழுக்க ஓடினால்தானே பெரிசு வேண்டும்? நாலு விநாடி மட்டும் என்றால், பூசணிக்காய் அளவு மோட்டாரே தன் சக்திக்கு ஐந்து மடங்கு இழுக்கும். சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆயிரம் தடவை சோதித்தேன். ஒரு தடவைகூடத் தோற்கவில்லை.

ஆனால் எங்கள் பட்டறையில் ஏமஸ் டட்டில் என்று ஒருவன் இருந்தானே. காரின் முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியை ஒரே சுழற்றில் சுழற்றி எந்த எஞ்சினையும் உறுமவைப்பான். சனிக்கிழமை நடனங்களில் பிடில் வாசிப்பதும் அதே கைதான்.

போன ஜனவரியில் டெட்ராய்ட்டிலிருந்து கார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். “டேய் வெண்டல், உன் தையல் மெஷினை வீட்டுல குடுத்துடு. பாவாடைக்கு ஓரம் அடிக்கட்டும்” என்றான் ஏமஸ், என் மோட்டாரைக் காட்டி. வந்தவர்களும் சிரித்தார்கள். முதலாளி லுட்கே என் காதருகே குனிந்தார். “இன்னிக்கு ஆர்டர் வரலேன்னா மோட்டாரும் கிடையாது, நீயும் கிடையாது.”

ஸ்டியரிங்குக்குக் கீழே, தீப்பொறியின் நேரத்தை மாற்றும் சின்னக் கம்பி இருக்கிறது. கையால் கிளப்பும்போது அது மேலே இருக்க வேண்டும். கீழே இறங்கினால் பொறி முந்திக்கொள்ளும். எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். கைப்பிடி கழுதைபோல் திருப்பி அடிக்கும். வண்டியை நிறுத்தும்போதே கம்பியை மேலே தள்ளிவிட்டுப் போவது எல்லோருக்கும் வழக்கம். திரும்பி வந்து பார்க்கமாட்டார்கள். வைத்தது வைத்தபடி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

நான் இருக்கையைத் துடைக்கும் சாக்கில் சாய்ந்து, அதை ஒரு விரற்கடை இறக்கினேன்.

ஏமஸ் வந்து கைப்பிடியைச் சுழற்றினான். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்தான். முதலில் ஓடிப்போய்க் கட்டுப் போட்டவனும் நானே. ஐம்பது மோட்டாருக்கு ஆர்டர் வந்தது.

“அவன் இனிமே பிடிலைத் தொட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே, தெரியுமா?” என்கிறீர்கள். தெரியும். ஒரு கிராமபோன் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் சோதனை செய்கிறவனுக்கு ஒரு தடவை என்பது கணக்கே இல்லை, தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு வெளியே நின்ற வண்டிகளிலும் செய்து பார்த்தேன். பல் டாக்டர், முடிவெட்டுகிறவர், பாதிரியார். பாதிரியார் ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் அந்தந்த வாரமே என் மோட்டாரை மாட்டிக்கொண்டார்கள். இனி ஆயுளுக்கும் அவர்கள் கை பத்திரம். இதை யாரும் புகாரில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மொத்தம் பன்னிரண்டு கைகள். கைக்கு நாலு விநாடி, கூட்டினால் நாற்பத்தெட்டு. நான் கெட்டவனாக இருந்தது ஒரு நிமிடம்கூட இல்லை, ஷெரீஃப். பெயர்கள் இந்தச் சோதனை நோட்டில் இருக்கின்றன.

“இதுல பதினோரு பேருதானேய்யா இருக்கு. பன்னெண்டாவது யாரு?”

மரியாதைக்காக எழுதாமல் விட்டேன். இடது கையால் எழுதுவது சிரமம்தான். அந்த மாவுக்கட்டை எப்போது பிரிக்கிறார்கள்?