மிதித்தால் தண்ணீர் வரும்

இரவு ஒன்றரை மணி. புறவழிச் சாலையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஒரே ஒரு கார் போகிறது... தலைமேல் 'கற்றுக்கொள்பவர்' என்ற பலகையோடு. உள்ளே கற்றுக்கொள்பவர் யாரும் இல்லை. கற்றுக்கொடுப்பவர் மட்டும் தனியாக, பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டிக்கொண்டு போகிறார்.

அவர் என் நண்பனுடைய தாய்மாமா. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்தக் கார்களில் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் மோதப் போனாலும், மாஸ்டர் காலை அழுத்தினால் போதும், வண்டி நின்றுவிடும். பாதி வாழ்நாளாக அப்படியே உலகத்தை நிறுத்திப் பழகிய கால் அது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மகள் போன் செய்திருந்தாள். "அப்பா, அம்மாவுக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. சீக்கிரம் வாங்கப்பா."

"எந்த ஆஸ்பத்திரிண்ணே?" என்று கேட்கிறார் ஃபிளாஸ்க் வைத்திருக்கும் இந்த அண்ணன். பயப்படாதீர்கள். நம் ஆட்கள் மேலே வார்டில் படுத்திருக்க, நாம் கீழே பாய் விரித்துக் காத்திருக்கிற இந்த ஆஸ்பத்திரி இல்லை. நண்பன் அப்படித்தான் சொன்னான். பாயைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்டரின் மனைவிக்கு, அதாவது நண்பனின் அத்தைக்கு, வயிற்றில் ஆபரேஷன். நன்றாகவே முடிந்தது. ஐசியூவில் மருந்து ஏற்றுவதற்காகக் கழுத்து வழியாக ஒரு குழாய் போட்டிருந்தார்கள். பிறகு வார்டுக்கு மாற்றினார்கள். அத்தை எழுந்து நடந்தார், சாப்பிட்டார், பக்கத்து படுக்கைக்காரியிடம் மாமாவைப் பற்றிப் புகார் சொன்னார். அதாவது முழுசாகக் குணமாகிவிட்டார். மருந்தெல்லாம் மாத்திரையாகிவிட்டது. குழாய் மட்டும் கழுத்திலேயே இருந்தது, வேலை இல்லாமல்.

மாஸ்டர் வார்டு நர்ஸிடம் கேட்டார்.

"அது ஐசியூ போட்ட டியூப் சார். போட்டவங்கதான் எடுக்கணும். நாங்க கை வைக்கக் கூடாது."

ஐசியூவில் கேட்டார். "பேஷன்ட் இப்ப வார்டு கணக்கு. நாங்க எப்படி அங்க வந்து எடுக்கறது?"

மீசை இன்னும் சரியாக முளைக்காத டூட்டி டாக்டரிடம் கேட்டார். "ரெண்டு நிமிஷ வேலைதான் அங்கிள். பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

பெரிய டாக்டர் வெளியூரில் மாநாட்டில் இருந்தார். உடம்பில் போடும் குழாய்கள் வழியாகக் கிருமி பரவுவதைத் தடுப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. தலைமை உரையே அவருடையதுதான்.

அந்த ஆஸ்பத்திரி சுத்தத்துக்குப் பரிசு வாங்கியது. கேடயத்தோடு பெரிய டாக்டர் சிரிக்கும் படம் ஒவ்வொரு திருப்பத்திலும் மாட்டியிருக்கும், வழி தவறினாலும் அவரைத் தவறவிட முடியாது. வாசலில் ஒரு போர்டு: 'கிருமித் தொற்று இல்லாத நாட்கள்.' அதன் கீழே எண். வார்டுக்கு வெளியே, நடையில், பளபளவென்று ஒரு கை கழுவும் தொட்டி. குழாயைக் கையால் தொடவே வேண்டாம், காலால் மிதிக்க ஒரு பெடல். மேலே எழுதியிருக்கும்: 'மிதித்தால் தண்ணீர் வரும்.'

மாஸ்டர் முதல் நாளே மிதித்துப் பார்த்தார். டக்... என்று சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை.

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுக்கு இன்னும் பைப்பு குடுக்கல சார். பரிசு குடுக்க வந்தவங்க ரிப்பன் வெட்டிட்டுப் போனதோட சரி."

அன்று இரவு மாஸ்டர் உள்ளே நுழைந்தபோது அத்தையின் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. நர்ஸ் இரண்டு போர்வை போர்த்தியிருந்தாள். ஏசி அதிகமாம்.

"ரத்தம் எடுத்துப் பாருங்கம்மா."

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "கிருமின்னு வந்துட்டா வாசல் போர்டு பூஜ்யத்துக்குப் போயிடும் சார். என் வேலையும் போயிடும். காலையில பெரிய டாக்டர் வந்துடட்டும்."

மகளை வெளியே படுக்க அனுப்பிவிட்டு மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்தை கண் திறந்தார்.

"ஏங்க... கழுத்துல இருக்கறத எடுக்கச் சொல்லுங்க. உள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"காலையில எடுத்துடுவாங்கம்மா."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

தானே எடுத்துவிடலாமா என்று மாஸ்டர் கையைக் கொண்டுபோனார். கழுத்து. ரத்தம் பீறிட்டால்? கையை இழுத்துக்கொண்டார். அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்தியபடியே இருந்தது. அவருக்கே தெரியாமல்.

அப்போதுதான் கேட்டது.

டக்.

நடையில். பிறகு... தண்ணீர் விழும் சத்தம்.

ஸ்பிரிட் வாசனை வந்தது. அதற்கு அடியில், பூச்சாடியில் பல நாள் கிடந்த தண்ணீரின் நாற்றம். ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். வேறு ஆள். ஈரக் கைகளை எதிலும் படாமல் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். மாஸ்டருக்கு உயிரே வந்தது.

"சிஸ்டர், புண்ணியமாப் போகும்... இத எடுத்துடுங்க."

அவள் குனிந்தாள். கழுத்துப் பிளாஸ்திரியின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். பிளாஸ்திரி அசையவில்லை. மறுபடி வைத்தாள். விரல் அதன்மேல் ஆவி மாதிரி வழுக்கிப் போயிற்று. நிமிர்ந்து, வெளியே போனாள்.

டக். தண்ணீர்.

திரும்பி வந்தாள். குனிந்தாள். முடியவில்லை. போனாள்.

டக். தண்ணீர்.

இப்படியே எத்தனை தடவை என்று மாஸ்டருக்கு நினைவில்லை. கடைசித் தடவை குனிந்தபோது கட்டில் கம்பியில் ஏதோ கிணுங்கென்று பட்டது. பார்த்தார். அவள் காலருக்கு உள்ளேயும் ஒரு பிளாஸ்திரி. அதிலிருந்து ஒரு குழாய் தொங்கிக்கொண்டிருந்தது... மூடியோடு.

அவள் அவரைப் பார்த்தாள். பயமுறுத்துகிற பார்வையே இல்லை அது. எல்லோரிடமும் கேட்டு முடித்துவிட்டவர்களின் பார்வை. அவருடையதைப் போலவே.

விடியும் நேரத்தில் அத்தையின் நடுக்கம் நின்றது. "பாருங்க, ஜுரம் விட்டுடுச்சு" என்றபடி வார்டு நர்ஸ் கையைத் தொட்டாள். அடுத்த நொடி டூட்டி டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

இதயம் நின்றதால் மரணம் என்று எழுதினார்கள். யாருக்குத்தான் நிற்காது? கழுத்துக் குழாயை வந்த வேகத்தில் எடுத்தார்கள். ஒருவர் இழுத்தார், ஒருவர் தட்டு பிடித்தார். இப்போது யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மகள் அழுதுகொண்டே சொந்தக்காரர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். வாசலில் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு ஏறி, போர்டில் ஒரு நாளைக் கூட்டி வைத்தான். மாஸ்டர் நடையில், அந்தத் தொட்டியில் சாய்ந்து நின்றிருந்தார். தொட்டி காய்ந்து கிடந்தது. தண்ணீர் போகும் துளையில் சிலந்தி வலை.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் கை கழுவினால் துண்டைத் தேட மாட்டார். விரல்களை மாமாவின் பக்கம் உதறுவார். "துண்டுன்னு ஒண்ணு எதுக்குடி வாங்கி வச்சிருக்கேன்?" என்று இவர் கத்துவார். "அதான் உங்க சட்டை இருக்கே" என்பார் அத்தை.

மாஸ்டரின் காலுக்குப் பக்கத்தில் பெடல் தானாக இறங்கியது.

டக். தண்ணீர்ச் சத்தம். நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அடுத்த ஆள் முன்னால் வந்து நிற்கிற அளவு நேரம்.

மறுபடியும்... டக். தண்ணீர். நின்றது.

அப்புறம், சட்... சட்... என்று விரல் உதறும் சத்தம்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். சட்டையில் நாலைந்து ஈரத் துளிகள்.