நாப்பத்தொண்டாம் ஆண்டுத் துவக்கு

இல்லை அண்ணை, அவர் வேலைக்குப் போட்டார். ஓம், சனிக்கிழமைதான். சனிக்கிழமையில ஓவர்டைம் குடுத்தா வேண்டாம் எண்டு சொல்லுறதே? வாசலில அவற்ற கார் நிக்குது எண்டா? கார் நிண்டா ஆளும் நிக்கோணும் எண்டு சட்டமே? பஸ்ஸில போனவர். லோறன்ஸ் றோட்டால பஸ் ஓடுறது உங்களுக்குத் தெரியாதே?

உள்ள வராதேங்கோ. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம். கழட்டின ஒண்டையும் திரும்பக் கொழுவுங்கோ. குளிருதுதான். எனக்கும்தான் குளிருது, மெல்லிய சட்டையோட வந்து நிக்கேல்லையே நான்? கதவைச் சாத்திப்போட்டு இந்தப் படியில நிண்டுதான் கதைப்பன். இதுக்கு அங்கால ஒரு அடி வைக்க விடமாட்டன்.

தேத்தண்ணியோ? இவ்வளவு காலமும் இந்த வீட்டில குடிச்ச தேத்தண்ணி உங்களுக்குக் காணும்.

உங்கட கார் டிக்கியில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லத் தேவையில்லை. பேரப்பிள்ளை பிறந்த செய்தி கொண்டு வந்த ஆள் மாதிரியெல்லோ முகத்தை வைச்சுக்கொண்டு நிக்கிறியள்.

என்னது, நாப்பத்தொண்டோ? லோங் பிராஞ்சோ? மெய்யாவோ?

அய்யோ, இல்லை, சந்தோசத்தில கேக்கேல்லை. தலையில அடிச்சுக்கொண்டு கேக்கிறன். உது என்னெண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ? உங்க மேற்கால, லேக்ஷோர் பக்கம் இருந்த ஃபக்டரியில, ரெண்டாம் உலக யுத்தத்துக்கெண்டு செய்த த்ரீ நொட் த்ரீ ரைபிள். நாப்பத்தொண்டிலதான் தொடங்கினவங்கள், அதால அந்த வருசத்துத் துவக்கு லேசில அம்பிடாது. என்ர பிறந்தநாள் இவருக்கு மறந்து போகும், ஆனா எந்த வருசத்தில எந்தப் பக்கம் முத்திரை குத்தினவங்கள் எண்டு நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம்.

நாப்பத்திரெண்டு இருக்கு. நாப்பத்திமூண்டு இருக்கு. நாலும் இருக்கு, அஞ்சும் இருக்கு. என்னப்பா வித்தியாசம் எண்டு ஒருநாள் கேட்டனான். ரோச் லைற்றைப் பிடிச்சுக் காட்டினார். ஒரு இலக்கம், அண்ணை. ஊசிமுனை அளவு இலக்கம். அந்த ஒரு இலக்கத்துக்கு ஒரு முழுத் துவக்கு. நான் ஒரே நிறத்தில ஒரே கரையில நாலு சீலை வாங்கி வைச்சிருந்தா விசரெண்டு சொல்லி எனக்குத் தேசிக்காய் தேய்க்கக் கூட்டிக்கொண்டு போயிருப்பியள்.

திறக்காதேங்கோ! டிக்கியைத் திறக்காதேங்கோ எண்டு சொல்லுறன். திறந்திட்டியள். வடிவான வேலை. வெக்ஸ்போர்ட்டில, பட்டப்பகலில, நடுறோட்டில துவக்கைத் திறந்து காட்டிக்கொண்டு நிக்கிறியள். எதிர்வீட்டு மனுசி திரைச்சீலையை விலத்திப் பாக்கிறா, அங்க பாருங்கோ. இப்ப போலீசுக்கு அடிக்கப் போறா. போர்வையால மூடுங்கோ. லைசென்ஸ் இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த மனுசிக்குத் தெரியுமே?

நான் அடக்கிக் கதைக்கோணுமோ? ஏன் அடக்கிக் கதைக்கோணும்? இந்த அருள்நாயகி வாயில்லாத பிள்ளை எண்டு நினைச்சியளோ?

உந்த விசரை இந்த வீட்டுக்குக் கொண்டு வந்தது ஆர்? நீங்கள். கனடாவுக்கு வந்த புதுசில, பார்க்டேலில ஒரு அறைக்குள்ள அஞ்சாறு பேராப் படுத்தெழும்பின காலத்திலயே உங்களுக்குப் பிடிச்ச விசர் உது. இவருக்கு ஒண்டும் தெரியாது. மிசின் சொப்பில லேத்தோட மல்லுக்கட்டுற மனுசன். இரும்பை ஆரும் வடிவா வெட்டியிருந்தா வாயைப் பிளந்து பாக்கிற மனுசன். அந்தப் பலவீனம் தெரிஞ்சுதானே சுடுற கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனனீங்கள்? சிறீஸ்கந்தராசா அண்ணையோட சும்மா பாக்கப் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். பின்னேரம் வரேக்க வேற மனுசன்.

நான் பொய் சொல்ல மாட்டன். முதல் துவக்கு வந்த நேரம் எனக்கும் அவ்வளவு கோவம் இல்லை. கீழ பேஸ்மென்ற்றில இருந்து, ஆளிவிதை எண்ணெய் போட்டு, அந்த மரத்தைத் துடைப்பார் பாருங்கோ, குழந்தைக்கு எண்ணெய் பூசுற மாதிரி. ஊரை விட்டு வந்தாப் பிறகு இவற்ற தோள் ரெண்டும் இறங்கி இருந்து நான் கண்டது அப்பதான். அங்க துவக்கைக் கண்டு ஓடினன், இங்க எனக்குப் பக்கத்தில சத்தம் போடாமல் கிடக்குது எண்டு ஒருக்கால் சொன்னவர். அது எனக்கு விளங்கினது. விளங்கினபடியாத்தான் விட்டனான்.

ஆனா ஒண்டோட நிண்டதே? துடைச்ச எண்ணெய் காய முதலே அடுத்ததின்ர கதை. வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்டா உங்கட ஃபோன். அண்ணை, அந்த மணி அடிச்சா இவற்ற முகம் மாறுறதை நீங்கள் கண்டதில்லை. சோத்தில கை நிக்கும். வாங்கினா ஒரு கிழமை ஆள் நல்லாப் பாட்டுப் படிச்சுக்கொண்டு திரிவார். பேந்து மெல்ல மெல்ல மூஞ்சை விழும். பேந்து உங்கட ஃபோன்.

கோயிலில கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணினவர், தெரியுமோ? இனித் துவக்கு வாங்க மாட்டன் எண்டு. நானும் நம்பினன். அடுத்த மாசம் நீங்கள் ஒரு மரக்கட்டையைக் கொண்டந்து குடுத்தியள். என்னது எண்டு கேக்க, இது மரம், துவக்கில்லை எண்டார். பேந்து ஒரு குழாய் வந்தது. இது குழாய், துவக்கில்லை. பேந்து திரைச்சீலைக் கம்பி வாற பெட்டிக்குள்ள சுத்தி இன்னொரு இரும்பு. ஒருநாள் கீழ போய்ப் பாக்கிறன், மரமும் குழாயும் இரும்பும் சேந்து நாப்பத்திநாலாம் ஆண்டுத் துவக்காச் சுவரில சாஞ்சு நிக்குது! முருகனையே பேய்க்காட்டின ஆக்கள் நீங்கள் ரெண்டு பேரும்.

சிரிக்காதேங்கோ. நான் பகிடிக்குச் சொல்லேல்லை.

இப்ப நிப்பாட்டிட்டார். ஓம், முழுசா. மாசிப் பனிக்குள்ள தொடங்கினது, இண்டைக்குவரைக்கும் ஒண்டும் வாங்கேல்லை. லேசா நடந்ததெண்டு நினைக்கிறியளோ? லைசென்ஸைக் கொண்டந்து என்ர கையில தந்து, எங்க வைச்சனீர் எண்டு எனக்குச் சொல்லாதையும், கேட்டாலும் சொல்லாதையும் எண்டார். பேந்து தானே குசினியில அரிசி வாளிக்குள்ள கையை விட்டுத் தேடினார். நான் பாத்துக்கொண்டு நிண்டன். கையை எடுத்து, தட்டிப்போட்டுப் போனார். வேலை முடிஞ்சு வரேக்க துவக்குக் கடை இருக்கிற றோட்டை விட்டிட்டு எங்கயோ சுத்தி வாறார். தபாலில வாற துவக்குப் புத்தகங்களைப் பிரிச்சும் பாக்காமல் குப்பையில போடுறார், பேந்து இரவுச் சாப்பாட்டில ஒரு வாய் வைக்கமாட்டார். இருக்கிற துவக்கெல்லாத்திலயும் போல்ட்டைக் கழட்டி என்னட்டைத் தந்திட்டார். போல்ட் இல்லாட்டி அது வெறும் தடி எண்டு அவர்தான் சொல்லித் தந்தவர். அந்த மனுசன் பல்லைக் கடிச்சுக்கொண்டு நாளைப் போக்காட்டுது. அதுக்குள்ள நீங்கள் நாப்பத்தொண்டைக் கொண்டந்து வாசலில வைக்கிறியள். உங்களுக்கு மனம் எண்டு ஒண்டு இல்லையே?

சும்மா ஒருக்கால் பாக்கட்டுமோ? கையில பிடிச்சுப் பாத்தாக் காணுமோ? குடியை விட்டவனுக்குப் போத்தில் மூடியைக் கழட்டி, குடிக்க வேண்டாம், மணந்து மட்டும் பார் எண்டு சொல்லுவியளோ?

ஓம், புதுச்சட்டம் வருகுது. எல்லாத் துவக்கையும் பதியோணும். அதால வெள்ளைக்காரர் பயந்து விக்கினம். இப்ப விட்டா இனி அம்பிடாது. எல்லாம் தெரியும், அவரும் உதைத்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். அம்பிடாட்டி அம்பிடாமல் போகட்டும். நீங்களே வைச்சிருங்கோ. உங்கட கட்டிலுக்கு அடியில வைச்சு நீங்களே எண்ணெய் பூசுங்கோ.

என்ன சொன்னனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்.

பெண்டிலுக்குப் பயந்தவரோ? நான் கழுத்தில கயிறு போட்டு வைச்சிருக்கிறனோ? வடிவாச் சொல்லுங்கோ, ஊர் முழுக்கப் போய்ச் சொல்லுங்கோ. நான் ராட்சசியாவே இருக்கிறன், எனக்கொண்டும் குறையாது. ஆனா ஒண்டை மட்டும் கேட்டுப்போட்டுப் போங்கோ. அவரை நிப்பாட்டச் சொன்னது நான் இல்லை. கத்தினனான், பகிடி பண்ணினனான், சட்டியை அடிச்சு வைச்சனான். நிப்பாட்டுங்கோ எண்டு ஒருநாளும் என்ர வாயால சொன்னதில்லை. சொல்ல வெக்கமாயிருந்தது.

ஏனோ? அது உங்களுக்கு என்னத்துக்கு?

பக்கத்து வீட்டு மக்டலீன் சொன்னவவோ? அந்த மனுசிக்கு வாய் நிக்காது. எங்கட மகள் லக்சிகா பள்ளிக்கூடத்தில மற்றப் பிள்ளையளை அடிக்கிறாள் எண்டோ? சண்டைக்காறியோ? அப்ப அதையும் கேளுங்கோ. இவ்வளவு கேட்டிட்டியள்.

நிப்பாட்ட முதல், சனிக்கிழமையில இவர் கீழ இருந்து துடைச்சு முடிய, குண்டை ஏத்துற அந்தப் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளிப் பாப்பார். எண்ணெய் பிடிச்சிருக்கோ எண்டு பாக்க. அந்தச் சத்தம் மேல குசினிக்கு வரும். ஊரில எங்கட ஒழுங்கையில அப்பிடி ஒரு சத்தம் கேட்டா, அம்மா எங்களை இழுத்து நிலத்தில போட்டு எங்களுக்கு மேல படுத்திடுவா. என்ர தம்பி ஒருக்கால் எழும்பிப் பாத்தவன். அதோட அவன் இல்லை. அந்தக் கதை விடுங்கோ. எனக்கு அது உடம்பில ஊறிப் போச்சு. இவர் இழுக்கிற சத்தம் கேட்டா, கையில கிடக்கிற அகப்பையோட, பிள்ளையை இழுத்துக்கொண்டு பிறிஜ்ஜுக்குப் பக்கத்தில படுத்திடுவன். யோசிச்சுச் செய்யிறதில்லை. படுத்தாப் பிறகுதான் இது கனடா எண்டு நினைவு வரும். எழும்பிச் சட்டையைத் தட்டிப்போட்டுக் கறியைக் கிண்டுவன். கீழ அவருக்கு ஒண்டும் தெரியாது. என்னெண்டு சொல்லுறது? அவருக்கு இருந்த ஒரே சந்தோசம் அது. பிள்ளையும் சிரிப்பாள். அம்மா விளையாடுறா எண்டு நினைக்கிறாள் எண்டுதான் நானும் நினைச்சன்.

மாசியில டீச்சர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டவ. உங்கட மகள் மற்றப் பிள்ளையளைத் தள்ளி விழுத்துறாள் எண்டு. கோட் கொழுவுற அலுமாரி இருக்கெல்லே, அதின்ர கதவை ஆரோ படக்கெண்டு சாத்த, பக்கத்தில நிண்ட ஒரு சின்னப் பிள்ளையை இழுத்து நிலத்தில போட்டிட்டாளாம். ஒருக்கால் இல்லை, கன தரம். ஆர் பக்கத்தில நிண்டாலும். நாங்கள் தலையைக் குனிஞ்சுகொண்டு மன்னிப்புக் கேட்டம். பேந்து அந்த மனுசி சொல்லுறா, ஆனா ஒரு பிள்ளைக்கும் நோகிறதில்லை, இவள் அந்தப் பிள்ளைக்கு மேல படுத்து, அதின்ர தலையைத் தன்ர கையால பொத்திக்கொண்டு கிடக்கிறாள், எழும்பு எண்டாலும் எழும்புறாள் இல்லை, அதுதான் தனக்கு விளங்கேல்லை எண்டு.

இவர் என்னைத் திரும்பிப் பாத்தார். என்னால அவற்ற முகத்தைப் பாக்க ஏலேல்லை.

இங்க பிறந்தவள் அண்ணை. ஊரைப் படத்திலயும் காணாதவள்.

இப்ப ஏன் என்ர முகத்தைப் பாக்கிறியள்? எனக்கு உங்கட அழுகை வேண்டாம், துவக்கைக் கொண்டு போங்கோ.

அவர் வேலைக்குப் போகேல்லை. உந்தக் கதவுக்கு அங்கால நிலத்தில இருக்கிறார். உங்கட கார் வந்து நிண்டதைக் கண்ட உடனை பிள்ளையைத் தூக்கி மடியில வைச்சுக்கொண்டு இருந்தவர், நான் வெளியில வந்து கதவைச் சாத்தினன். நீங்கள் நாப்பத்தொண்டு எண்டு சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். எழும்பி வரேல்லை, கண்டியளே. நீங்கள் டிக்கியை அடிச்சுச் சாத்துவியள் எண்டு பிள்ளையின்ர ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு இருக்கிறார். மெல்லச் சாத்திப்போட்டுப் போங்கோ.