பெர்த்தாவின் பின்னங்கால்

— ரூஃபஸ், நான் வலதுன்னா நீயும் வலது. உன் இஷ்டத்துக்குக் காலை வெச்சா நம்ம பெர்த்தா, இந்தக் காண்டாமிருக வேஷம், நடுவுல ஒடிஞ்சு விழும்.

— ம்.

— என்ன ‘ம்’? காலைலேருந்து வாய் மூடாத ஆளு, பெர்த்தாவுக்குள்ள நுழைஞ்சதும் ஊமையாயிட்டியா? அந்தக் கோழி ரெக்கையைத் திங்காதேன்னு சொன்னேன்.

— ம்க்கும்.

— இரு. இப்படித் தொண்டையைச் செருமற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான். லமான்ட்?

— கத்தாதே வெர்னீஸ். நானேதான்.

— என் பின்னாடி உனக்கு என்ன வேலை?

— ரூஃபஸுக்கு வயித்துவலியாம். ஃபோன்ல அழுதான். அக்காவோட வேஷப் போட்டியே கெட்டுடும், மாமா நீங்க வந்து பின்னங்கால் குடுங்கன்னான். நீ தலையை மாட்டிக்கிட்டு இருந்தப்போ பின்பக்கமா நுழைஞ்சுட்டேன்.

— வெளிய போ.

— எப்படிப் போவேன்? முதுகுக் கொக்கியெல்லாம் வெளியில இருக்கு.

— ஓப்பலம்மா, மேடைப் பொறுப்பு நீங்கதானே, கொஞ்சம் பின்னாடி அவுத்து விடுங்க.

— யாரு கண்ணு பேசறது, காண்டாமிருகமா? இப்ப அவுத்தா மறுபடி மாட்ட நேரமில்ல. சக்கர நாற்காலியை விண்கலமாக்கியிருக்கே ஒரு பொண்ணு, அது போனதும் நீங்கதான் மேடை. சண்டைன்னா மெதுவாப் போடுங்க, வயிறு குலுங்குது. எல்லாரும் பாக்கறாங்க.

— கேட்டியா வெர்னீஸ்? மெதுவாப் போடு.

— பேசாதே. கல்யாணமான நாள்லேருந்து, நம்ம கறுப்பு ஜனங்க வேஷம் கட்டற இந்தக் கருந்தாரகை விழாவுக்கு வரோம். ஒவ்வொரு வருஷமும் தலை நீ, வால் நான். கைத்தட்டலெல்லாம் உனக்கு, அட்லாண்டா வெயில்ல ஃபோமுக்குள்ள வேகறது எனக்கு. இப்ப எப்படி இருக்கு அங்க?

— அடுப்புக்குள்ள இருக்கற மாதிரி.

— சந்தோஷம்.

— பெர்த்தாவையும் எடுத்துக்கிட்டு வீட்டை விட்டுப் போய் எட்டு மாசம், ஒரு மெசேஜுக்குக்கூட பதில் போடல நீ.

— என்ன பதில் போடறது? உன் மேனேஜரும் அவர் சம்சாரமும் சாப்பிட வந்த அன்னிக்கு பெர்த்தாவை கராஜ்ல தள்ளி, மேல படுதாவைப் போட்டு மூடினியே. சுவத்துல இருந்த நம்ம விழாப் படத்தையெல்லாம் கழட்டி வெச்சியே. அதைக்கூட விடறேன். அந்தம்மா பாத்ரூம்னு நினைச்சு கராஜைத் திறந்துட்டு, இது என்னங்கன்னு கேட்டப்போ என்ன சொன்னே?

— தெரியும் வெர்னீஸ்.

— நீயே சொல்லு.

— உன் அக்கா பையனோடதுன்னு சொன்னேன்.

— எனக்கு அக்காவே கிடையாது. கையில சர்க்கரைவள்ளி பையோட நான் அங்கேயே நிக்கறேன். நீ என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, சின்னப் பசங்க சமாச்சாரம்னே. ராத்திரி ராத்திரியா நான் கொம்புக்கு மணல்தாள் போட்டது உனக்குச் சின்னப் பசங்க சமாச்சாரம்.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— வலது காலை எடு. வரிசை நகருது. இப்பச் சொல்லு.

— அந்த வங்கி மாடியில கறுப்பு ஆளுன்னா நானும் லிஃப்ட்கிட்ட நிக்கற காவலரும்தான். நான் சத்தமாச் சிரிச்சாலே ஏன் சிரிக்கறான்னு திரும்பிப் பாப்பாங்க. இப்பத்தான் ஒரு அறையும் கதவுல பேரும் குடுத்திருக்காங்க. அங்க போய், வார இறுதியில நான் காண்டாமிருகம்னு எப்படிச் சொல்வேன்? பள்ளிக்கூடத்துல நம்ம பசங்க, வெள்ளைக்காரன் புத்தகமாடா படிக்கறேன்னு பையைப் பிடுங்கினாங்க. வெள்ளைக்காரப் பசங்க பகடை உருட்டி டிராகன் கதை விளையாடற மேசைக்குப் போனா, உனக்கு இங்க என்னன்னாங்க. எங்க போனாலும் ஒண்ணை மறைச்சே பழகிட்டேன்.

— இங்க மறைச்சியா?

— இங்கயா? இங்க எதை மறைக்கறது? வாசல்ல டிக்கெட் கிழிக்கற ஆளே நீலச் சாயம் பூசின மூஞ்சியோட நிக்கறாரு.

— அதுதான் எனக்கு ஆறல, லமான்ட். விழா நடக்கற இந்த ஹோட்டலுக்குள்ள உன்னைப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன். வீட்டுல வேற ஒருத்தன் வந்து குடியேறிட்டான்.

— மன்னிச்சிடு வெர்னீஸ்.

— இருட்டுல, என் முதுகுக்குப் பின்னாடி நின்னு மன்னிப்பு கேக்கறது சுலபம்.

— கண்ணுங்களா, அடுத்தது நீங்க. நடந்து முடிச்சதும் கொக்கியை அவுப்பாங்க. மைக்கோட தொகுப்பாளர் வந்து கேட்டதும் ரெண்டு பேரும் தலையை நீட்டிப் பேர் சொல்லணும். நேரலை போகுது, நல்லாச் சிரிங்க.

— ஓப்பலம்மா, நேரலைன்னா யாரு வேணா பாக்கலாமா?

— உலகமே பாக்கலாம் கண்ணு. போன வருஷம் என் சர்ச் பாதிரியாரே பாத்துட்டு, அந்த வெள்ளி விக் எங்க வாங்கினீங்கன்னு கேட்டார்.

— லமான்ட், நீ உள்ளேயே இரு. அவங்க கேட்டா என் தம்பி ரூஃபஸ், உடம்பு சரியில்லைன்னு நான் சொல்லிக்கறேன். உன் வேலை போக நான் காரணமாக வேண்டாம்.

— இடதா, வலதா?

— வலது. நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. நட.

— வாலை ஆட்டு. இன்னும் ஆட்டு. கேக்கறியா, கூரையே எகிறுது.

— முட்டி போடவா?

— போடு. அப்படித்தான். எப்ப கத்துக்கிட்டே இதை?

— இத்தனை வருஷமா உன் காலைத் திரும்பித் திரும்பிப் பாத்துத்தான்.

— பிரமாதம், பிரமாதம். காண்டாமிருகத்துக்கு ஒரு கைத்தட்டு. முன்னாடி இருக்கறது நம்ம வெர்னீஸ், எல்லாருக்கும் தெரியும். பின்னாடி யாரு? ஒளிஞ்சுக்கிட்டு இருக்காரா?

— அது வந்து, என் தம்பி...

— தம்பி இல்லீங்க. மைக்கை இப்படிக் குடுங்க. என் பேரு லமான்ட் பிரிட்ஜஸ். வங்கியில கடன் பிரிவு மேலாளர். இந்தக் கொம்பு எங்க வீட்டு கராஜ்ல செஞ்சது. செஞ்சது என் வீட்டுக்காரி. அதை ஒருத்தங்க முன்னாடி வேற யாரோடதோன்னு சொல்லிட்டேன். தப்பு. இது எங்களோடது. வாலை ஆட்டினது நான்.

— மேடையை விட்டு இறங்கு லமான்ட். அழுதா உள்ள ஒட்டினதெல்லாம் உரிஞ்சிடும்.

— நீதான் அழறே.

— வேர்வை.

— கண்ணுங்களா, விண்கலத்துப் பொண்ணுக்குத்தான் கோப்பை. வருத்தமா?

— இல்லம்மா, அது நியாயம். நாங்களே எழுந்து நின்னு தட்டறோம்.

— லமான்ட், திங்கக்கிழமை உன் மேனேஜர் ஏதாவது கேட்டா?

— விழாவுக்கு டிக்கெட் எவ்வளவுன்னு சொல்வேன். வெர்னீஸ், எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பின்னங்கால் முன்னெல்லாம் உன் அளவு. ரூஃபஸ் உன்னைவிடக் குள்ளம். நான் இவ்வளவு உயரம், எனக்கு எங்கயும் இடிக்கவே இல்லியே?

— போன மாசமே பிரிச்சு உன் அளவுக்குத் தெச்சுட்டேன். ரூஃபஸுக்கு இன்னிக்கு வயித்துவலி வரணும்னும் அன்னிக்கே சொல்லி வெச்சுட்டேன்.