இருபத்துமூணாவது போர்ட்

"ஹலோ... பரணிண்ணா, கிருத்திகா பேசறனுங்க. நல்லூர் பனியன் கம்பெனில இருந்து... ஆமாங்ண்ணா, உங்களுக்குப் பொறவு சிஸ்டம் பாக்கற கிருத்திகாதான். வண்டி ஓட்டிட்டு இருக்கீங்களா?... கொஞ்சம் ஓரமா நிறுத்திக்கோங்ண்ணா."

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சர்வர் அறைக் கதவை உள்ளே தாழிட்டாள் கிருத்திகா.

"காலைல எட்டரைக்கு எல்லா கம்ப்யூட்டரும் போட்டாங்க. ஒண்ணுகூட நெட்வொர்க்ல வரலீங்க. கட்டிங், பேக்கிங், ஆபீஸ் எல்லாமே... ஆமா, ஆமா. ஆயுத பூசைக்கு ரெண்டு நாள் அத்தனையும் ஆஃப்ல இருந்துச்சு... இல்லீங்க, சர்வர் நல்லா ஓடுது. சுவிட்ச் லாக் பாத்தேன். நம்பக் கூடாத போர்ட்ல இருந்து யாரோ அட்ரஸ் குடுக்கறாங்கன்னு வரிசையா வருது. இருபத்துமூணாவது போர்ட்... ஆமாங்ண்ணா, மெயின்டனன்ஸ் ரூம். எலக்ட்ரீசியன் முனீஸ் உக்கார்ற ரூம்."

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் காலையில் எழுந்ததும் 'எனக்கு என்ன நம்பர்' என்று கேட்கும், சர்வர் சொல்லும். நடுவில் எவனாவது திருட்டுப் பெட்டியைச் சொருகி, தப்பு நம்பர் கொடுத்து, போகிற வருகிற ஃபைலை எல்லாம் தன் வழியாக இழுத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் பரணி வேலையை விட்டுப் போகுமுன், எல்லா ஒயரும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற காவலைப் போட்டு வைத்துவிட்டுப் போனார். சர்வர் ஒயரைச் சொருகும் இருபத்துநாலாவது போர்ட்டை மட்டும் நம்பு, வேறெந்த போர்ட்டில் இருந்து யார் நம்பர் கொடுத்தாலும் தூக்கிப் போடு என்பது அதற்கு இட்ட கட்டளை. ஒரு வருடமாக அது வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத்தான் கத்துகிறது.

"பயம் அதுக்கில்லீங்ண்ணா. நான் மேனேஜர்ட்ட சொல்லிட்டேன்... ஆமா, ஆறுச்சாமி சார்ட்டதான். மெயின்டனன்ஸ் ரூம்ல யாரோ திருட்டுப் பொட்டி மாட்டியிருக்காங்கன்னு. போன மாசம் பையர் குடுத்த டிசைன் வெளிய போச்சில்லீங்க, ஏற்கெனவே கொதிச்சுட்டு இருந்தாரு. முனீஸைக் கேட் ரூம்ல உக்கார வச்சுட்டாங்க. போலீசுக்கும் சொல்லிட்டாரு... தேடுனாங்ண்ணா. பொட்டி ஒண்ணும் கெடைக்கல. மறைச்சுட்டான்கறாங்க. சாத்தூர்ப் பக்கத்துக்காரன், இவனையெல்லாம் எப்படி நம்பறதுன்னு வேற..."

சன்னல் வழியே கேட் தெரிந்தது. செக்கிங்கில் வேலை பார்க்கும் முனீஸின் மனைவி, கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி கேட் ரூம் வாசலில் நின்றாள்.

"ம்... சொல்லுங்க... நம்பர் குடுக்கற பொட்டியோட மேக் அட்ரஸா? லாக்ல இருக்குது. கடைசி நாலும் படிக்கறேன். ஏழு, சி, ஒன்பது, நாலு... நம்ம சர்வர் ஸ்டிக்கரா? அது எதுக்குங்க... சரி, சரி. பாக்கறேன்."

குனிந்து கைபேசி வெளிச்சத்தை சர்வரின் முதுகில் அடித்தாள். வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணா... ரெண்டும் ஒண்ணா இருக்குது."

"...அப்ப நம்பர் குடுக்கறது நம்ம சர்வரேதானுங்களா?... இருங்க, ஒயரைப் புடிச்சுட்டே போறேன். நீல ஒயர்... போர்ட் நம்பர் தெரியலீங்க. சந்தனம் அப்பியிருக்குது... பூசைக்கு வச்சதுங்க. நான்தான் வச்சேன். ஒயரெல்லாம் கழட்டித் தூசி தட்டி, சுவிட்சுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வச்சு, அதுக்கப்புறம் மாட்டுனேன்... சொரண்டறேன், இருங்க... இருபத்துமூணு. அண்ணா, சர்வர் இருபத்துமூணுல இருக்குது. இருபத்துநாலுல மெயின்டனன்ஸ் ரூம் ஒயர்."

சுவிட்சுக்கு ஒயர் தெரியாது, போர்ட்தான் தெரியும். பாவம், அது சொன்ன சொல் தவறாமல் வேலை பார்த்திருக்கிறது. வீட்டுக்காரனையே திருடன் என்று கத்தியிருக்கிறது. பக்தியோடு மாற்றிச் சொருகியவள் கிருத்திகா.

"அழுகலீங்க... இல்லீங்ண்ணா, அழுகல. மாத்தறேன்... மாத்திட்டேன்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேக்கிங் பக்கம் பிரிண்டர்கள் கரகரக்க, யாரோ கை தட்டினார்கள். கதவு பலமாகத் தட்டப்பட்டது.

"சார்?... ஆமாங்க சார், வந்துருச்சு... இல்லீங்க சார், அதனால இல்ல... சார், நான் சொல்றதை ஒரு நிமிசம்..."

ஆறுச்சாமியின் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

"போயிட்டாருங்ண்ணா. முனீஸைப் புடிச்சு வச்சதும் சரியாயிருச்சு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்கறாரு... என்னங்க?... லூஸ் கனெக்சன்னு சொல்லிடறதா?... நம்புவாங்க. நான் சொன்னா இங்க எதையும் நம்புவாங்க. காலைல ஒரு வார்த்தை சொன்னேன், ஒருத்தருமே திருப்பிக் கேக்கலீங்களே. ஆனா லூஸ் கனெக்சன்னா முனீஸ் மேல இருக்கற சந்தேகம் போயிருமுங்களா?... போகாதுல்ல. மாட்டுனதைக் கழட்டிட்டான்னுதான் சொல்லுவாங்க."

கேட்டில் ஜீப் வந்து நின்றது. முனீஸை வெளியே கூட்டி வந்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல், சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை எடுத்து மனைவியிடம் கொடுத்தான்.

"ஜீப் வந்துருச்சுங்க... வேலை போனாப் போகுதுன்னு சொல்ற தைரியமெல்லாம் எனக்கு இல்லீங்ண்ணா. போயிரக் கூடாதுன்னுதான் இருக்குது... வேண்டாங்க, லைன்ல இருக்காதீங்க. நீங்க இருந்தா நான் கேட்டுக்குப் போகாம பேசிட்டே இங்கயே நின்னுருவேன். வச்சுடறனுங்க."