மொனேத்தா வீட்டுப் பிள்ளை

— இன்னொரு தரம் சொல்லுங்க சாமி. யாரு வந்திருக்கா?

— நீ மடத்துலேருந்து வாங்கி வளக்கிற கெர்வாசியோவைப் பெத்தவம்மா. ஆறு வருஷம் முன்னாடி மிலான்ல, அனாதைப் புள்ளைங்க மடத்துல போட்டுட்டுப் போனவ. இப்ப கல்யாணமாகி, புருஷனோட வந்து கோயில்ல உக்காந்திருக்கா.

— பொய்யா இருக்கும். எவ வேணாலும் வந்து எம்புள்ளைன்னு சொல்லலாம்.

— ரெண்டா வெட்டின காசுல ஒரு பாதி வச்சிருக்கா, பாரு எர்சிலியா. அடையாளத்துக்குப் புள்ளையோட விட்டுட்டுப் போன மறுபாதி மடத்துல இருந்துச்சு. ரெண்டும் பொருந்திப்போச்சு. அந்தக் காசைப் பாத்துத்தானே மடத்துக் குமாஸ்தா இவனுக்கு, காசுங்கிற அர்த்தத்துல, மொனேத்தான்னு குடும்பப் பேரு வச்சான்! அந்தக் கால ரோமாபுரியில அது ஜூனோ தேவியோட பட்டம், தெரியுமா? அவ கோயில்லதான் காசு அடிச்சாங்க. ஆபத்து வருதுன்னா முன்கூட்டியே சொல்லுவாளாம்.

— எனக்கு ஒண்ணும் சொல்லலையே, பாவி! காலையிலேருந்து வாத்துங்க கத்துச்சு. நரின்னு நெனச்சேன். முள்ளு வேலியைப் பாத்துட்டு வந்து சும்மா இருந்துட்டேன்.

— நீ மொதல்ல உக்காரு.

— அவனைப் பாத்துட்டாளா சாமி?

— இல்ல. முசுக்கட்டை மரத்துல ஏறி, பட்டுப்புழுவுக்கு எலை பறிக்கிறான்னேன். சிரிச்சா. ஒடனே அழுதுட்டா. உங்கிட்ட சொல்லிட்டுக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கேன்.

— செத்துட்டான்னு சொல்லிடுங்க.

— என்ன பேச்சு இது?

— காய்ச்சல்ல போயிட்டான்னு உங்க பெரிய நோட்டுல எழுதிடுங்க. உங்க கால்ல விழறேன் சாமி.

— துள்ளிக்கிட்டிருக்கிற புள்ளையைச் செத்ததா எழுதச் சொல்றியா? பாரு, நீ பால் குடுத்து வளத்தவ, மனசு கேக்காது. ஆனா நீ பெத்த புள்ள நஸ்ஸாரோ, கைக்குழந்தையா இருக்கையிலேயே அந்தக் குளிர்ல செத்துப்போனப்ப நீ பட்ட பாட்டை நான் பாத்தேன். அதே பாட்டை அவளும் படணுமா?

— அந்த வாரந்தான் சாமி, பக்கத்து ஊர்ல மடத்துப் புள்ள செத்துப்போச்சுன்னு, பால் குடுத்தவளைப் போலீஸ் இழுத்துட்டுப் போச்சு. நான் பயந்துட்டேன். பயத்துல புத்தி கெட்டுப்போச்சு.

— என்ன செஞ்சே?

— மடத்துப் புள்ளைன்னு அடையாளத்துக்குக் கழுத்துல கட்டிவிட்ட கயிறு, ஈய முத்திரையோட... அதைக் கழட்டி மாத்திட்டேன்.

— யாரு கழுத்துலேருந்து?

— செத்த புள்ள கழுத்துலேருந்து எம்புள்ள கழுத்துக்கு. அந்தம்மாவோட கெர்வாசியோவை, நஸ்ஸாரோன்னு பேர் சொல்லி, நீங்கதான் சாமி புதைச்சீங்க.