கொசுறுன்னு ஒரு பேரு

பாப்பா சட்டைக்கு அளவு இதேதான்க்கா, சரியா இருக்கு. கழுத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்வா விடுங்க. இவளுக்குக் கழுத்துன்னு தனியா ஒண்ணு கிடையாது, தலைக்குக் கீழ நேரா தோள்தான். பேரு நெஞ்சுல வரணும், இந்த ஆரஞ்சு நூல்ல. என்ன பேருன்னா... அதைத்தானே சொல்ல வரேன். முதல்ல இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன், இவளத் தூக்கித் தூக்கி கை விட்டுப்போச்சு. ஏய் கொசுறு, நூல்கண்ட வாயில வைக்காதடி! இல்லக்கா, நீங்க வேலையப் பாருங்க. உங்களக் கூப்பிடல, குழந்தையச் சொன்னேன்.

அஞ்சு மாசம் ஆகப்போகுது, இன்னும் பேரு பதியல. சிரிக்காதீங்க. தடுப்பூசி போடப் போனா என் பேரச் சொல்லி, அவங்க குழந்தைன்னுதான் கூப்பிடறாங்க. பேருக்குப் பஞ்சமில்லக்கா, எங்க வீட்டுல ஆளாளுக்குப் பத்துப் பேரு வச்சிருக்காங்க. ஒண்ணுல நாலு பேரு தலையாட்டணுமே, அதுதான் நடக்கல.

நான் மருந்துக்கடையில வேலை பாக்கிறேன். இப்ப லீவு. அங்க ஒரு விஷயம் கத்துக்கிட்டேன். ஒரே மருந்துக்கு ரெண்டு பேரு இருக்கும். அட்டையில பெருசா ஒரு பேரு, அது கம்பெனி வச்சது. கீழ பொடி எழுத்துல ஒரு பேரு, அதுதான் உள்ள இருக்கிற சரக்கு. வாங்கறவங்க பெருசைப் பாப்பாங்க, நாங்க பொடி எழுத்தத்தான் பாப்போம். மனுஷங்களுக்கும் அப்படித்தானேக்கா? பதிவுப் பேரு அட்டைக்கு. வீட்டுல கூப்பிடற பேருலதான் சரக்கே இருக்கு. அதைச் சொல்றேன், இருங்க.

முதல்ல அட்டைப் பேரு. எங்க நாத்தனார் தினம் போன்ல ஒரு பேரு அனுப்புவாங்க. எல்லாம் ஷாவுலயும் ஷ்காவுலயும் முடியும். அதுல ஒண்ணு எங்க கடையில வயித்துப்போக்குக்குக் குடுக்கிற மாத்திரை. சொன்னா கோவம், ஒரு வாரம் பேசல. எங்க மாமியாருக்குப் பக்கத்து வீட்டுப் பேத்தி பேரு கூடாது. அதுக்காக யாருக்குமே இல்லாத புதுப் பேரும் கூடாது. மாடியிலேருந்து கூப்பிட்டா தெருமுனை வரைக்கும் கேக்கணும். குழந்தைக்குப் பேரா, சைரனா, தெரியல.

இதுக்கெல்லாம் மேல எங்க மாமனாரு. பத்திரிகை ஆபீஸ்ல பிழை திருத்தற வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. வேலைதான் ரிட்டயர் ஆச்சு, பேனா ஆகல. எங்க கல்யாணத்துக்கு வந்தவங்க கையிலேருந்து அழைப்பிதழ வாங்கி, ஒரு ஒற்று விட்டுப்போச்சுன்னு போட்டுத் திருப்பிக் குடுத்தாரு. பொண்ணு நான் மாலையோட நிக்கிறேன், இவரு திருத்திக்கிட்டிருக்காரு. பேருக்கு அவரு சட்டம் என்னன்னா, ல ள ழ மூணுல எதுவும் வரக்கூடாது, ஊரே தப்பா எழுதும். ன ண கூடாது. ர ற கூடாது. இத்தனையும் கழிச்சுட்டா தமிழ்ல என்னக்கா மிச்சம்? தும்மலும் இருமலும்தான். அதுலயும் ல வருது.

இந்தச் சட்டத்த எனக்குச் சொன்னது அவரில்ல, எங்க வீட்டுக்காரரு. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

எனக்கும் ஒரு பேரு இருக்குக்கா. எனக்குன்னா, இவளுக்கு. ஸ்கூல்ல படிக்கும்போதே ஒரு சொல் மனசுல ஒட்டிக்கிச்சு. தாழை. பூவோட பேருதான். பொண்ணு பொறந்தா அதுதான்னு அப்பவே முடிவு பண்ணி, யார்கிட்டயும் சொல்லாம இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்தேன். மாசமா இருக்கும்போது அவர்கிட்ட சொன்னேன். நல்லா இருக்கே, ஆனா ழ வருது, அப்பா என்ன சொல்லுவாரோ, சரி, நான் பேசிடறேன்னாரு. அடுத்த வாரம் கேட்டா இந்த வாரம் பேசிடறேன். அதுக்கடுத்த வாரம் அப்பாவுக்கு மூட் சரியில்ல. குழந்தையே வெளிய வந்துடுச்சு, இவரு வாயிலேருந்து அந்தப் பேரு வெளிய வரல. அப்பாவும் புள்ளையும் எதிரெதிர உக்காந்து சாப்பிடுவாங்க. இவரு தொண்டையக் கனைப்பாரு, நானும் சமையல்கட்டுல மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன். கடைசியில, அப்பா, அந்த உப்ப இப்படித் தள்ளுங்கம்பாரு.

ஆனா செல்லப் பேரு மட்டும் உடனே வச்சுட்டாரு பாருங்க! ஆஸ்பத்திரியில கையில வாங்கினாரு, மூஞ்சியப் பாத்தாரு, கண்ணு கலங்கிடுச்சு, கொசுறுன்னாரு. யாரையும் கேக்கல, யோசிக்கல. அடடா, மனுஷனுக்கு இவ்ளோ பாசமான்னு நானும் உருகிட்டேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து படுத்துக்கிட்டு யோசிச்சா இடிக்குது. கொசுறுன்னா என்னக்கா? கடையில வாங்கினதுக்கு மேல கடைசியா அள்ளிப் போடறது. கடைக்குட்டிய அப்படிக் கூப்பிடலாம். இவ தலைச்சன். இன்னும் ஒண்ணுமே வாங்கல, அதுக்குள்ள எப்படிக் கொசுறு வரும்? கேட்டா, சும்மா தோணிச்சுன்னாரு. சரக்கு எதுன்னு பாக்கிறதுதானே என் பொழப்பு, எனக்கு அந்தச் சும்மா பிடிக்கல.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் இவள நெஞ்சு மேல போட்டுக்கிட்டுத் தூங்கிட்டாரு. நான் துணி மடிச்சுக்கிட்டிருக்கேன். தூக்கத்துல பேசறாரு. கொசுறு, கோவிச்சுக்காத, இந்த வாரம் கண்டிப்பா அப்பாகிட்ட பேசிடறேன்னு. இவ அவரு சட்டையில எச்சி வடிச்சுக்கிட்டுக் கெடக்கறா. பேரு விஷயம்னா என்கிட்டதானே சொல்லணும், இவகிட்ட எதுக்குக்கா சொல்லணும்? இவ எப்பக் கோவிச்சுக்கிட்டா?

என்னக்கா, மெஷின நிறுத்திட்டீங்க? ஊசி உடைஞ்சிடுச்சா? பரவால்ல, மெதுவாப் பண்ணுங்க, எனக்கு அவசரமில்ல.

மறுநாளே நாத்தனார்கிட்ட போன் போட்டேன். அவங்க வாயில எதுவும் தங்காது. கொசுறுன்னு யாரு அண்ணின்னேன். அய்யய்யோ, அவன் அந்தப் பேரையா வச்சிருக்கான், அது பழைய வீட்டுக்கு எதிர்வீட்டுப் பொண்ணாச்சே, நாலு அண்ணனுக்கு அப்புறம் பொறந்ததுன்னு அந்த வீட்டுல அப்படிக் கூப்பிடுவாங்க, இவன் கட்டிக்கிறேன்னு சொல்லியிருந்தான், அப்பாகிட்ட பேசறேன் பேசறேன்னு மூணு வருஷம் ஓட்டினான், கடைசியில அதுவே வேணாம்னு ஒதுங்கிடுச்சு, இப்பப் பெரிய ரோட்டுல தையல்கடை வச்சிருக்குன்னு மூச்சு விடாம சொல்லி முடிச்சுட்டு, நான் ஒண்ணும் சொல்லலப்பான்னு போன வச்சாங்க.

வந்து உக்காந்ததும் கொசுறுன்னேன்ல? குழந்தையும் திரும்பிச்சு, நீங்களும் திரும்புனீங்க.

சண்டைக்கு வரலக்கா. அந்தக் கத்திரிக்கோலக் கீழ வச்சுட்டு உக்காருங்க. கோவம் வந்துச்சு, இல்லேங்கல. ரெண்டு நாள் அவருக்குச் சட்னியில உப்பே போடல. அவரும், உப்பு இல்லையேன்னு கேக்காமலே சாப்பிட்டாரு. அதைப் பாத்ததும் கோவம் போயி ஒண்ணு புரிஞ்சுது. இந்த மனுஷன் யாரையும் ஏமாத்தல. எதையும் வாயத் தெறந்து கேக்கத் தெரியாது, அவ்ளோதான். உங்களுக்குச் சொன்ன அதே வாரத்தத்தான் எனக்கும் சொல்லிக்கிட்டிருந்திருக்காரு. எனக்காவது வேற வழியில்ல, ஒரே வீடு.

அதனால நேத்து நானே போனேன். மாமனாரு பேப்பர்ல பேனாவோட இருந்தாரு. மாமா, குழந்தைக்குத் தாழைன்னு வைக்கலாமான்னேன். அவரு கண்ணாடியக் கழட்டிட்டு, தாழைன்னு ஒரு தடவை சொல்லிப் பாத்தாரு. நல்ல சொல்லும்மா, வையின்னாரு. ழ வருதே மாமான்னேன். வந்தா என்ன, தப்பா எழுதறவன நான் திருத்திக்கிறேன், ழ கூடாதுன்னு யாரு சொன்னதுன்னு கேட்டாரு. உங்க புள்ளைதான்னேன். அப்பத்தான் சொன்னாரு. அவன் இத்தனை வயசுக்கு என்கிட்ட வந்து எதையுமே கேட்டதில்லம்மா, கேட்டிருந்தா நான் எதுக்கு வேணாங்கப்போறேன்னு.

ஆமாக்கா. ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு.

எனக்குப் பேரு கெடைச்ச சந்தோஷம் வரல, உங்க நெனப்புதான் வந்துச்சு. உங்க மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல, ஆனாலும் வந்துச்சு. இதை உங்ககிட்ட சொல்லாம இருக்கிறதும் தப்பு, சொல்றதும் தப்பு. எந்தத் தப்பு சின்னதுன்னு தெரியாமத்தான் இவ்ளோ நேரம் வளவளன்னு பேசிக்கிட்டிருந்தேன்.

செல்லப் பேரு உங்களோடது. திருப்பிக் குடுத்துடலாம்னுதான் பாத்தேன், ஆனா இந்தக் கழுதை அதுக்கு மட்டும்தான் திரும்பறா. இவளும் வச்சுக்கட்டுமா? நெஜமாவா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க, மாத்திப் பழக்கிடறேன். சரி. சரிக்கா.

அப்ப சட்டையில தாழைன்னு போடுங்க. ழ, பாத்துக்குங்க, ள இல்ல. தப்பா வந்துச்சுன்னா எங்க மாமனாரு பேனாவத் தூக்கிக்கிட்டு நேரா உங்க வாசல்லயே வந்து நிப்பாரு.

என்னக்கா? இப்பவாவது வரட்டுமேங்கறீங்களா?